வானத்தை ஓதுகிறோம், பார்ப்பது எப்போது?

ஏக இறைவனின் திருப்பெயரால்...

 

நம் மத்ரஸாக்களில் அம்ம ஜுஸ்உவை மனனம் செய்யாத பிள்ளைகள் அரிது. அதிலுள்ள 81-ஆவது அத்தியாயமான அத்தக்வீரை ஏழு வயதுச் சிறுவனும் தடங்கலின்றி ஓதுகிறான். அதன் 15, 16 ஆகிய வசனங்களில், பின்வாங்கிச் செல்பவையும் ஓடி மறைபவையுமான சிலவற்றின் மீது அல்லாஹ் சத்தியம் செய்கிறான். அவை காட்டு விலங்குகளைக் குறிக்கும் என்ற கருத்து தஃப்ஸீர் நூல்களில் உண்டு. எனினும் விரிவுரையாளர்கள் பலர் அவை வானிலுள்ள ஐந்து கோள்களே என்று விளக்கியுள்ளனர். ஸுஹல், முஷ்தரீ, மிர்ரீக், ஸுஹ்ரா, உதாரித் என்று அவற்றின் பெயர்களையும் தந்துள்ளனர். தமிழில் அவற்றைச் சனி, வியாழன், செவ்வாய், வெள்ளி, புதன் என்கிறோம்.

அந்த வசனங்களை அழகிய தஜ்வீதுடன் ஓதும் சிறுவனை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று, "இந்த ஐந்தில் ஒன்றைக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். அவன் விழிப்பான். அவனுடைய தந்தையைக் கேளுங்கள், அவரும் விழிப்பார். ஓதிக்கொடுத்த உஸ்தாதைக் கேட்டால், பெரும்பாலான ஊர்களில் அவரும் பேச்சை மாற்றுவார். நாம் சார்ந்திருக்கும் ஆசிரியர் கூட்டத்தைப் பற்றித்தான் இவ்வாறு கூறுகிறோம். ஆகவே யாரும் வருத்தப்பட வேண்டாம்.

ஓதுதலுக்கும் பார்த்தலுக்கும் நடுவே விழுந்துவிட்ட இந்த இடைவெளியைப் பற்றியே இக்கட்டுரை. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு சிறு தொலைநோக்கியாவது இருக்க வேண்டும். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகளுக்குக் கோள்களை அடையாளம் காட்டுவது மார்க்கக் கல்வியின் ஒரு பகுதியாக வேண்டும். இதுவே நமது கோரிக்கை. இதனை வீண்வேலை என்போரும், நுஜூம் என்று அஞ்சுவோரும், பரீட்சைக்கு உதவாது என்று ஒதுக்குவோரும் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்குரிய மறுப்பை இங்கே முன்வைக்கிறோம்.

பார்க்கச் சொன்னது யார்?

"வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதால் ஆகிரத்திற்கு என்ன பயன்?" என்பது நாம் அடிக்கடி கேட்கும் வினா. இவ்வினாவைத் தொடுப்பவர் காஃப், காஷியா, முல்க் ஆகிய அத்தியாயங்களை மீண்டும் ஒருமுறை பொருளுணர்ந்து ஓத வேண்டும். அவற்றில் வானத்தை நோக்குமாறு மனிதன் அழைக்கப்படுகிறான். முல்க் அத்தியாயமோ ஒருமுறை பார்த்ததோடு நிறுத்திக்கொள்ள விடாமல், பார்வையை மீண்டும் மீண்டும் செலுத்தச் சொல்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இரவில் துயிலெழுந்து, வானத்தை நோக்கியவாறு ஆல இம்ரான் அத்தியாயத்தின் இறுதி வசனங்களை ஓதியதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அந்த வசனங்களை ஓதுவதை ஸுன்னத்தாகப் போற்றும் நாம், ஓதுமுன் அவர்கள் வானத்தைப் பார்த்ததை மட்டும் விட்டுவிட்டோம். தொழுகைக்குள் வானத்தை நோக்கிப் பார்வையை உயர்த்துவதற்குத் தடை உண்டு. அத்தடை தொழுகைக்கு உரியது. வாழ்நாள் முழுமைக்கும் உரியதன்று.

இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். நட்சத்திரங்களை வணங்கிய மக்களிடையே அவர்கள் எடுத்துவைத்த வாதம் அல்அன்ஆம் அத்தியாயத்தில் இடம்பெற்றுள்ளது. இரவு சூழ்ந்தபோது கண்ட நட்சத்திரம் மறைந்தது. மறையக்கூடியது இறைவனாக இருக்க இயலாது. பிறகு சந்திரன், அதன்பின் சூரியன் என்று அந்த வாதம் படிப்படியாக உயர்கிறது. முதலில் கண்ட அந்த ஒளி ஸுஹ்ரா என்று விரிவுரையாளர் சிலரும், முஷ்தரீ என்று வேறு சிலரும் கூறியுள்ளனர். அதாவது வெள்ளி அல்லது வியாழன்.

இப்போது வெள்ளியின் இயல்பைக் கவனியுங்கள். சூரியனுக்கும் சந்திரனுக்கும் அடுத்து வானில் மிகுந்த ஒளியுடன் தோன்றும் கோள் அதுவே. நம் பூமியைவிடச் சூரியனுக்கு அருகில் சுற்றுவதால், சூரியனிலிருந்து ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் அது விலகித் தெரிவதில்லை. ஆகவே நம் ஊர்களில் நள்ளிரவில் அதனைக் காண முடியாது. அந்தியில் மேற்கே தோன்றினால், சூரியன் மறைந்து மூன்று மணி நேர அளவிலேனும் தானும் மறைந்துவிடும்; இல்லையேல் விடியலுக்கு முன் கிழக்கே விடிவெள்ளியாக எழும். அத்தனை பேரொளி, மக்ரிபுக்குப் பின் கண்முன்னே தாழ்ந்து தாழ்ந்து தென்னந்தோப்புக்குப் பின்னால் மறைவதை ஒரு மாலையேனும் நின்று பார்த்த பிள்ளைக்கு இப்ராஹீம் (அலை) அவர்களின் வாதத்தை விளக்கவே வேண்டியதில்லை. அவன் தன் கண்ணாலேயே அதைக் கற்றுக்கொள்வான். பார்க்காத பிள்ளைக்கோ அது மற்றொரு கதை மட்டுமே.

அத்தக்வீர் கூறும் பின்வாங்குதலும் அவ்வாறே. கோள்கள் வழக்கமாக விண்மீன்களினூடே மேற்கிலிருந்து கிழக்காக மெல்ல நகரும். குறிப்பிட்ட காலங்களில் அவை தயங்கி நின்று, பின்னோக்கிச் சென்று, மீண்டும் முன்னேறும். செவ்வாய் ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை இவ்வாறு இரண்டு, இரண்டரை மாதங்கள் பின்செல்வது போலத் தோன்றும். விரைவு ரயிலில் செல்பவர் பக்கத்துத் தண்டவாளத்தில் மெதுவாகச் செல்லும் ரயிலைக் கடக்கும்போது, அது பின்னோக்கிப் போவதாக உணர்வார் அல்லவா? வேகமாகச் சுற்றும் பூமி செவ்வாயை முந்திச் செல்லும்போது நிகழ்வதும் அதுவே. இதைக் காண எந்தக் கருவியும் வேண்டா. வாரம் ஒருமுறை அருகிலுள்ள விண்மீன்களோடு செவ்வாயின் இடத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவந்தால் போதும். தஃப்ஸீர் ஆசிரியர்கள் எதை மனத்தில் கொண்டு எழுதினார்கள் என்பது மூன்று மாதங்களில் விளங்கிவிடும்.

நுஜூம் வேறு, வானியல் வேறு

இரண்டாவது மறுப்பு, அச்சத்தினால் எழுவது. கோள்களைப் பார்ப்பது ஜோதிடத்தின் வாயிலைத் திறந்துவிடும் என்று நல்லெண்ணத்தோடு சிலர் கூறுகின்றனர். நட்சத்திரங்களின் மூலம் எதிர்காலத்தைக் கணிக்கும் கலையைக் கற்பது சூனியத்தின் ஒரு கிளையைக் கற்பதாகும் என்ற கருத்தில் வரும் ஹதீஸை அவர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். நட்சத்திரங்கள் வானத்திற்கு அலங்காரமாகவும், ஷைத்தான்களுக்கு எறிகற்களாகவும், வழியறியும் அடையாளங்களாகவும் படைக்கப்பட்டவை. இதற்கு அப்பால் விளக்கம் சொல்பவர் தவறிழைத்தார் என்ற கருத்தில் வரும் கதாதா (ரஹ்) அவர்களின் கூற்றையும் காட்டுகின்றனர்.

இவ்விரண்டையும் நாம் முழுமையாக ஏற்கிறோம். ஆனால் கதாதா (ரஹ்) அவர்களின் கண்டனம் யாரை நோக்கியது? மனிதனின் வாழ்வையும் சாவையும் நட்சத்திரத்தின் கையில் ஒப்படைத்தவர்களை நோக்கியது. அவர்கள் கூறிய மூன்றில் ஒன்று அலங்காரம். மற்றொன்று வழிகாட்டும் அடையாளம். ஏறிட்டே பார்க்காத கண்ணுக்கு அலங்காரத்தால் என்ன பயன்? அடையாளம் தெரியாதவனுக்கு அது எப்படி வழிகாட்டும்?

உண்மை இதற்கு நேர்மாறானது. வானத்தைப் பாராத இடத்தில்தான் நுஜூம் வளர்கிறது. அண்டை வீட்டாரின் வழக்கங்களைப் பற்றி நாம் பேச வரவில்லை. நம் வீடுகளைப் பற்றியே பேசுகிறோம். ஸஃபர் மாதத்தின் ஒடுக்கத்துப் புதனைப் பீடையென்று அஞ்சும் குடும்பங்கள் நம்மிடம் இன்றும் இல்லையா? செவ்வாய்க்கிழமை நிக்காஹ் வைக்கத் தயங்குவோர் இல்லையா? பிள்ளைக்குப் பெயர் வைக்கப் பால்கிதாபைப் புரட்டுவோர் இல்லையா? தொலைநோக்கியைக் கண்டு ஈமான் போய்விடும் என்று அஞ்சும் சகோதரர், பால்கிதாபைக் கண்டு அஞ்சவில்லையே!

சனி ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் இருக்கிறது என்பது வானில் காணக்கூடிய உண்மை. அது சூரியனைச் சுற்றிவரச் சுமார் 29 ஆண்டுகளும் ஐந்தரை மாதங்களும் ஆகின்றன. அதைப் பன்னிரண்டாக வகுத்தால் வருவதே அந்த இரண்டரை. வியாழன் சுற்றிவரப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஆவதால், ராசிக்கு ஓராண்டு. இந்தக் கணக்கு சரியானது. அந்தக் கோள் நம் கடை வியாபாரத்தையும் மகளின் திருமணத்தையும் ஆட்டிவைக்கிறது என்பதே பொய். கணக்கையும் பொய்யையும் பிரித்தறியக் கற்றுக்கொடுப்பதல்லவா ஆசிரியரின் கடமை? வளையத்துடன் கூடிய சனியைத் தன் கண்ணால் கண்ட சிறுமி, "எத்தனை அழகு! ஸுப்ஹானல்லாஹ்!" என்பாள். அதன் பிறகு சனி பிடித்துவிடும் என்று யார் மிரட்டினாலும் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும்.

அண்ணலாரின் மகன் இப்ராஹீம் மரணித்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அம்மரணத்திற்காகவே கிரகணம் பிடித்ததென்று மக்கள் பேசினர். மகனை இழந்த துயரிலும் அப்பேச்சை நபி (ஸல்) அவர்கள் விட்டுவைக்கவில்லை. யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை என்று மறுத்துரைத்தார்கள். தமக்குப் பெருமை சேர்க்கும் பொய்யையும் அவர்கள் ஏற்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தத்துவவாதிகளைக் கடுமையாக மறுத்து எழுதிய நூல் தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா. அதன் முன்னுரையில் கிரகணம் ஏற்படும் விதத்தை வானியலார் விளக்குவதை அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். கணக்காலும் வடிவியலாலும் நிறுவப்பட்ட இத்தகைய உண்மைகளை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர், மார்க்கத்திற்கே தீங்கிழைக்கிறார் என்ற கருத்தையும் அங்கே பதிவுசெய்கிறார்கள். நம் முன்னோர் இதனை உணர்ந்திருந்தனர். தர்ஸே நிஜாமிய்யா பாடத்திட்டத்தில் வானியலுக்கென்றே தஸ்ரீஹுல் அஃப்லாக், ஷரஹ் சக்மீனி ஆகிய நூல்கள் இடம்பெற்றிருந்தன. நுஜூமைக் கண்டித்த அதே மத்ரஸாக்கள்தாம் இல்முல் ஹைஆவைக் கற்பித்தன.

இரண்டையும் குழப்பினால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. இஸ்தான்புல் நகரில் தகியுத்தீன் என்ற திறமிக்க வானியலாளர் 1577-இல் ஒரு வானாய்வு நிலையத்தை இயக்கத் தொடங்கினார். அதே ஆண்டு வானில் பெரிய வால்மீன் ஒன்று தோன்றியது. அதனை வைத்து சுல்தான் மூன்றாம் முராதுக்கு வெற்றிச் செய்தி கணித்துக் கூறினார் அவர். காலம் அந்தக் கணிப்பின்படி நடக்கவில்லை. வானத்தைத் துருவுவது ஆட்சிக்குத் தீங்கு என்ற ஆலோசனையும் எழுந்தது. 1580-இல் அந்நிலையம் இடிக்கப்பட்டது. டென்மார்க்கில் டைக்கோ பிராஹே அதே வால்மீனை அளந்து, அது சந்திரனுக்கும் அப்பால் செல்கிறது என்று காட்டினார். முதலில் வானியல் குறிசொல்லும் தொழிலாக்கப்பட்டது. பின்னர் குறி பொய்த்ததற்காக வானியலே தண்டிக்கப்பட்டது. அதற்குப்பின் முப்பதே ஆண்டுகளில், 1610 ஜனவரியில், இத்தாலியின் கலிலியோ தம் தொலைநோக்கியை வியாழனை நோக்கித் திருப்பினார். அந்த வாய்ப்பு நம்மைக் கடந்து சென்றுவிட்டது.

பகிரப்படும் பொய்

பார்க்காத சமுதாயம் பகிரும் சமுதாயமாகிறது. ஆகஸ்ட் மாதம் வந்தால் நம் குடும்பக் குழுக்களில் ஒரு செய்தி உலாவுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். செவ்வாய்க் கோள் முழு நிலவின் அளவுக்குத் தெரியும், வானில் இரு நிலவுகளைக் காணலாம், தவறவிடாதீர்கள் என்பது அதன் சாரம். இறுதியில் 'ஸுப்ஹானல்லாஹ்' என்றும் சேர்த்திருப்பார்கள்.

இதன் மூலம் எது தெரியுமா? 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் ஏறத்தாழ 5 கோடியே 58 லட்சம் கிலோமீட்டர் தொலைவுக்கு வந்தது. சுமார் அறுபதாயிரம் ஆண்டுகளில் அதுவே மிக நெருங்கிய நிலை. அப்போது மின்னஞ்சலில் பரவிய குறிப்பில், 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு நிலவு தெரியும் அளவுக்குச் செவ்வாய் தெரியும் என்றிருந்தது. தொலைநோக்கி என்ற சொல் உதிர்ந்துவிட்டது, ஆண்டும் உதிர்ந்துவிட்டது, பொய் மட்டும் மிஞ்சியது. மிக நெருங்கி வரும்போதும் செவ்வாயின் தோற்ற விட்டம் நிலவினுடையதில் 70-இல் ஒரு பங்குதான். ஒரே ஒருமுறை செவ்வாயைப் பார்த்தவர் எவரும் இச்செய்தியைப் பகிரமாட்டார்.

இதில் நமக்குள்ள கவலை வானியல் பற்றியது மட்டுமன்று. பதினாறு வயது மகன் அச்செய்தியை நம்பி மாடிக்கு ஏறுகிறான். இரு நிலவுகள் அங்கே இல்லை. செய்தியை அனுப்பியவர் அவனுடைய பெரியத்தா. அதை ஜும்ஆ மேடையில் எடுத்துரைத்தவர் ஹஜ்ரத். அன்றிரவு அவன் ஒன்றும் பேசமாட்டான். ஆனால் கண்ணால் சரிபார்க்கக்கூடிய செய்தியிலேயே இவர்கள் இப்படியென்றால், கண்ணால் காண இயலாத மறுமையைப் பற்றி இவர்கள் சொல்வதை எப்படி நம்புவது என்ற வினா அவன் உள்ளத்தில் விழும். கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எச்சரித்த தீங்கு இதுவே. நம் பிள்ளைகளின் ஈமானைக் குலைப்பது தொலைநோக்கியன்று. சரிபார்க்காமல் பேசும் நம் நாவுகள்தாம்.

வீண் விரயமா?

மூன்றாவது மறுப்பு, பணம் பற்றியது. இஸ்ராஃப் என்ற சொல்லை நம்மவர்கள் புத்தகத்திற்கும் கருவிக்கும் எதிராகப் பயன்படுத்தும் வேகத்தில், வலீமா பந்தியில் மிஞ்சிக் கொட்டப்படும் பிரியாணிக்கு எதிராகப் பயன்படுத்துவதில்லை. மண்டப அலங்காரத்திற்கு ஓரிரவில் செலவழிக்கும் தொகையில், ஒரு மஹல்லாவின் பிள்ளைகள் பல்லாண்டுகள் பயன்படுத்தக்கூடிய கருவியை வாங்கிவிடலாம்.

உண்மையில் தொடக்கத்திற்குச் செலவே இல்லை. ஐந்து கோள்களும் வெறுங்கண்ணுக்குத் தெரிபவை. விண்மீன்கள் மினுக்கும், கோள்கள் பெரும்பாலும் நிலையாக ஒளிரும். சூரியனும் சந்திரனும் செல்லும் பாதையை ஒட்டியே கோள்களும் செல்லும். வடக்கு வானில் வெகு உயரத்தில் அவற்றைத் தேட வேண்டியதில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு அந்தப் பாதை அடிவானிலிருந்து செங்குத்தாக எழுவதால், பலரும் கண்டறியாத புதனைக் காண்பதுகூட ஐரோப்பாவில் வாழ்வோரைவிட எளிது. நகர வெளிச்சத்தைக் காரணம் காட்டவும் வழியில்லை. மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் மொட்டைமாடியிலிருந்தே வெள்ளியும் வியாழனும் தெளிவாகத் தெரியும். கைப்பேசிச் செயலி ஒன்றால் இடத்தை அறிந்துகொள்ளுங்கள்; பிறகு கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு வானத்தைப் பாருங்கள்.

அடுத்த படி, 7x50 அல்லது 10x50 என்று குறிக்கப்பட்ட பைனாகுலர். முதல் எண் பெரிதாக்கும் அளவு. இரண்டாவது, முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். கை நடுங்காமல் சுவரிலோ முக்காலியிலோ தாங்கிப் பிடித்தால், வியாழனின் இருபுறமும் ஒரே கோட்டில் ஊசிமுனை போன்ற ஒளிப்புள்ளிகள் தெரியும். கலிலியோ கண்ட நான்கு நிலவுகள் அவையே. அடுத்த நாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். ஐயோ என்ற நிலவு இரண்டு நாள்களுக்குள்ளாகவே ஒரு சுற்றை முடித்துவிடுகிறது.

60 அல்லது 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு தொலைநோக்கி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வியாழனின் மேலுள்ள இரண்டு கருநிறப் பட்டைகளையும், சனியின் வளையத்தையும் அது காட்டும். 2025 மார்ச்சில் அவ்வளையத்தின் விளிம்பு பூமியை நோக்கி நேராக நின்றது. ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு நேர்கிறது. அதனையடுத்து வரும் ஆண்டுகளில் அது சிறிது சிறிதாக விரிந்து தெரியும். தொடக்கத்தில் மெல்லிய கோடாகத் தோன்றினால் பிள்ளைகள் ஏமாற வேண்டாம். வெள்ளி சில மாதங்களில் அசல் பிறையாகவே காட்சியளிக்கும். நாம் பாடம் நடத்தும் மத்ரஸாவின் மாடியில், வெள்ளியை முதன்முதலாகப் பார்த்த மாணவர் ஒருவர், "உஸ்தாத், பிறை தெரியுது!" என்று கூவியதைக் கேட்டிருக்கிறோம்.

வாங்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். பெட்டியின் மேல் 500 மடங்குக்கு மேல் பெரிதாக்கும் என்று அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள். முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரில் கணக்கிட்டு இரண்டால் பெருக்கினால் வருவதே பயனுள்ள உச்ச அளவு. 60 மில்லிமீட்டர் கருவிக்கு அது 120 மடங்கு மட்டுமே. அதற்கு மேல் மங்கல்தான் பெரிதாகும். ஆட்டம் காணாத முக்காலி உள்ளதா என்று பாருங்கள். இரண்டாவது எச்சரிக்கை, உயிரனையது: எந்தக் கருவியின் வழியாகவும் சூரியனைப் பார்க்கவே கூடாது, ஒரு நொடி போதும், கண் போய்விடும். கண்வைக்கும் இடத்தில் திருகிப் பொருத்துமாறு தரப்படும் கறுப்புக் கண்ணாடி வெப்பத்தில் வெடிக்கக்கூடியது; அதனை எறிந்துவிடுங்கள். புதனைத் தேடுவோர் சூரியன் முழுமையாக மறைந்த பின்னரே கருவியைத் தொட வேண்டும்.

பெருமை போதும்

"வானியலைக் கண்டதே நாம்தான்" என்று மேடைகளில் முழங்குவோருக்கும் நாம் ஒன்று சொல்ல வேண்டும். முன்னோரின் பெருமை உண்மையே. 964-ஆம் ஆண்டளவில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி விண்மீன்களின் நூலை எழுதினார். 14-ஆம் நூற்றாண்டில் இப்னுஷ் ஷாத்திர், டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலின் முவக்கித்தாக, அதாவது தொழுகை நேரங்களைக் கணிப்பவராகப் பணியாற்றினார். பள்ளிவாசல் ஊழியரான அவர்தாம் கோள்களின் இயக்கத்திற்குப் புதிய கணித அமைப்புகளைத் தந்தார். சந்திரனுக்கு அவர் தந்த அமைப்பு, 1543-இல் வெளியான கோப்பர்நிக்கஸின் நூலில் உள்ளதோடு ஒத்திருப்பதை 1950-களில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

இப்பெருமையைப் பேசும் நம் பள்ளிவாசல்களில் இன்று முவக்கித்தின் பணியைச் செய்வது சுவரில் தொங்கும் மின்னணுப் பலகை. நம் கடற்கரை ஊர்களின் மரக்காயர்கள் விண்மீன்களைக் கொண்டு கப்பல் செலுத்தியவர்கள். மாலுமி என்ற தமிழ்ச் சொல், ஆசிரியரைக் குறிக்கும் முஅல்லிம் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. முஅல்லிம் என்றால் வானமறிந்து வழிகாட்டுபவர் என்றிருந்த காலம் போய், இன்று முஅல்லிமுக்கே வானம் தெரியவில்லை. தோல் தொழிலுக்கும் மத்ரஸாக்களுக்கும் பெயர்பெற்ற வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையம் இருக்கிறது. 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. 1977-இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் கண்டறிந்த நிகழ்வு அங்கும் பதிவுசெய்யப்பட்டது. சுற்றுலா என்று ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மாணவர்களை அழைத்துச் செல்லும் நம் நிறுவனங்களில், காவலூருக்கு அழைத்துச் சென்றவை எத்தனை?

ஆண்டுதோறும் பிறைக்காக நாம் சண்டையிடுகிறோம். ஒரே வீட்டில் வாப்பாவுக்கு நோன்பு, மகனுக்குப் பெருநாள். கண்ணா, கணக்கா என்ற வாதத்திற்குள் நாம் இங்கே நுழையவில்லை. எத்தரப்பினராயினும் ஒன்றைக் கேட்கிறோம்: சூரியன் மறையும் இடம் ஆண்டு முழுவதும் தெற்கும் வடக்குமாக நகர்வதையும், பிறையும் கோள்களும் ஏறத்தாழ ஒரே பாதையில் செல்வதையும் கண்டவர்கள் உங்களில் எத்தனை பேர்? ஆண்டில் ஓரிரு மாலைகள் மட்டும் மேற்கே பார்ப்பவர், வானம் பற்றி ஆண்டு முழுவதும் வாதிடுவது நியாயமா? மாதந்தோறும் கோள்களைப் பார்த்துப் பழகிய கண்களே பிறைக்கும் நம்பத்தகுந்த சாட்சிகள்.

செய்ய வேண்டியது

இனிச் செயலுக்கு வருவோம். ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு பைனாகுலரையும் ஒரு சிறு தொலைநோக்கியையும் பொதுச் சொத்தாக வாங்கிவைக்கட்டும். மாதம் இருமுறை, மக்ரிப் தொழுகைக்குப் பின், உஸ்தாதும் ஊரிலுள்ள அறிவியல் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து பிள்ளைகளுக்குக் காட்டட்டும். அத்தக்வீர் பாடம் நடக்கும் வாரத்தில் மாடியில் ஒரு வகுப்பு நடக்கட்டும். பெண்பிள்ளைகள் இதில் விடுபட்டுவிடக் கூடாது. கருவியை வீடுகளுக்கு முறைவைத்து வழங்கினால், உம்மாவும் உம்மும்மாவும் பேத்திகளும் தம் மாடியிலேயே காணலாம். "பரீட்சையில் இதற்கு எத்தனை மதிப்பெண்?" என்று கேட்கும் பெற்றோரே, ஆயத்துல் குர்ஸிக்கும் பரீட்சையில் மதிப்பெண் இல்லை, அதனால் அதைக் கற்பிக்காமல் விட்டுவிட்டீர்களா?

பெரிய ஆய்வுக்கூடம் எதையும் நாம் கேட்கவில்லை. இன்று மக்ரிப் தொழுதுவிட்டு வெளியே வரும்போது, செருப்பைத் தேடுவதற்கு முன் ஒரு நிமிடம் தலையை உயர்த்துங்கள். மினுக்காமல் ஒளிரும் ஒன்று தெரிந்தால், பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் தோளைத் தொட்டு அதைக் காட்டுங்கள். பெயர் தெரியாவிட்டால் அவனோடு சேர்ந்து தேடிக் கண்டுபிடியுங்கள்.

வானங்களின் படைப்பைச் சிந்தித்து, இவற்றை நீ வீணாகப் படைக்கவில்லை என்று உணர்ந்து கூறும் நன்மக்களின் கூட்டத்தில் நம்மையும் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் சேர்த்தருள்வானாக! ஆமீன். அனைத்தையும் நன்கறிந்தவன் அவனே.